நான் நடத்தாத பிளஸ் ஒன் கணக்கு

பதினோரு வருஷம் நான் பிளஸ் ஒன் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்தவில்லை. நடத்தியதாகக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நிர்வாகம் அதை விரும்பியது, பெற்றோர் அதை விரும்பினார்கள். ஆனால் எங்கள் பள்ளியில் அதை முதலில் ஆரம்பித்து வைத்தவன் நான்தான்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது புரிய வேண்டுமென்றால் கொஞ்சம் விளக்க வேண்டும். பிளஸ் ஒன்னுக்கு ஒரு கணக்குப் புத்தகம், பிளஸ் டூவுக்கு ஒரு கணக்குப் புத்தகம். மாநிலம் முழுவதும் ஒரே புத்தகம்தான். சென்னைப் பிள்ளைக்கும் எங்கள் பக்கத்து ராயகிரிப் பிள்ளைக்கும் அதே பக்கம், அதே கணக்கு. அதைத் தயாரித்தவர்கள் இரண்டையும் சேர்த்து ஒரே படிப்பாகத்தான் எழுதியிருந்தார்கள். முதல் புத்தகத்தில் எல்லை என்றால் என்ன, வகைக்கெழு எங்கிருந்து வருகிறது என்று இருக்கும். இரண்டாவதில் அதை வைத்து என்ன செய்யலாம் என்று இருக்கும். கல்லூரிக்காரர்கள் இரண்டையும் படித்துவிட்டுத்தான் பிள்ளை வருகிறான் என்று நம்பி மூன்றாவதிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

அந்த நாளில் பொதுத்தேர்வு இரண்டாவது புத்தகத்துக்கு மட்டும்தான். முதல் புத்தகத்துக்குப் பள்ளிக்கூடமே பரீட்சை வைத்துக்கொள்ளும். அதனால் நான் என்ன செய்தேன் என்றால், பிளஸ் ஒன் சேர்ந்த முதல் வாரமே பிளஸ் டூ புத்தகத்தைப் பிரிக்கச் சொன்னேன். முதல் புத்தகத்தில் தவிர்க்கவே முடியாத சூத்திரங்களை மட்டும் ஒரே தாளில் முன்னும் பின்னுமாக அச்சடித்துக் கொடுத்தேன். இருநூற்றுச் சொச்சம் பக்கத்துக்குப் பதிலாக ஒரு தாள். பிறகு இரண்டு வருஷமும் ஒரே புத்தகம். ஆறு தடவை திருப்புதல். ஒரு மார்க் கேள்வி என்றால் கேள்வியைப் பார்த்ததுமே 'மூணாவது விடை' என்று சொல்லும் அளவுக்குப் பழக்கிவிடுவேன். பிள்ளைகள் கணக்குப் போடவில்லை, கணக்கை ஒப்பித்தார்கள்.

இருநூற்றுக்கு இருநூறு வாங்கியவர்களின் படத்தைப் பெரிய பேனராகப் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே வைப்பார்கள். கீழே ஓரத்தில் என் படமும் இருக்கும். சுற்றுவட்டாரத்தில் எல்லாப் பள்ளிகளும் அப்படித்தான் செய்தன என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டதுண்டு. இன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு மனமில்லை.

கல்வித்துறையிலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வந்தால் பிளஸ் ஒன் நோட்டைக் கேட்பார்கள். அதற்கும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தேன். வகுப்பில் கையெழுத்து நன்றாக இருக்கும் நாலைந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, கைடைப் பார்த்து முதல் புத்தகம் முழுவதையும் நோட்டில் எழுதச் சொல்லுவேன். பாடக்குறிப்பேட்டில் நான் போட்டிருக்கும் தேதிகளையே அவர்களும் ஓரத்தில் போடுவார்கள். நான் சிவப்பு மையில் திருத்திக் கையெழுத்துப் போடுவேன். சில இடங்களில் 'மிக நன்று' என்று எழுதுவேன். ஒரே உட்காரலில் ஒரு வருஷத்துக்கான கையெழுத்தையும் போட்டு முடித்துவிடுவேன்.

நான் ஓய்வுபெற்ற வருஷம் பிளஸ் டூ முடித்த ஒரு பெண் அப்படி நோட்டு எழுதியவள். விசைத்தறிக்காரர் ஒருவரின் மூத்த மகள். எழுதிக்கொண்டே வந்தவள் ஒருநாள் நிறுத்திவிட்டு, "சார், x சைபர்கிட்ட போகும்போது சைன் x பை x எப்படி ஒன்னாகுது? கீழயும் சைபர்தான வருது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. இருபது நிமிஷத்தில் படம் போட்டு விளக்கிவிடலாம். நான், "அது பரீட்சைக்கு வராதும்மா. காலேஜ்ல சொல்லித் தருவாங்க. நீ எழுது" என்றேன். அவள் எழுதினாள். பொதுத்தேர்வில் இருநூற்றுக்கு இருநூறு வாங்கினாள்.

அதற்குப் பிறகு நான் அவளைப் பற்றி நினைக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, வைகாசியில், பேத்தியின் காதுகுத்துக்கு வேட்டி எடுக்க ஒரு ஜவுளிக்கடைக்குப் போனேன். பில் போடும் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள்தான் எழுந்து நின்று, "வணக்கம் சார்" என்றாள். என்ன படித்தாய் என்று கேட்டேன். இன்ஜினியரிங் என்றாள். முடித்தாயா என்று கேட்டேன்.

"எல்லாம் முடிச்சேன் சார். எம் ஒன்னு மட்டும் நிக்குது."

எம் ஒன் என்றால் முதல் பருவத்துக் கணக்குத் தாள். நாலு வருஷத்தில் மற்ற எல்லாத் தாளும் தேறிவிட்டாள். இந்த ஒன்றை மட்டும் எழுதி எழுதித் தோற்றிருக்கிறாள். பட்டம் வாங்க அதற்கு மேல் கொடுத்த மூன்று வருஷ அவகாசமும் முடிந்துவிட்டது. கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்த ஒரு கம்பெனி இவளையும் எடுத்திருக்கிறது. தாள் பாக்கி என்று தெரிந்ததும் விட்டுவிட்டது.

"வீட்டுக்கு வா, நான் சொல்லித் தாரேன்" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

அவள் சிரித்தாள். கோபச் சிரிப்பில்லை. "வேண்டாம் சார். யூடியூப்ல பாத்துப் படிச்சுட்டேன். பிளஸ் ஒன் புக்க மொதல்லருந்து போட்டுப் பாத்தேன். இப்ப எல்லாம் தெரியுது. தேதிதான் போயிருச்சு."

எனக்குப் பின்னால் இரண்டு பேர் துணிப்பையோடு நின்றார்கள். அவள் அவர்களுக்குப் பில் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "என்னய விடுங்க சார். எங்கப்பா நான் ஹாஸ்டல்ல எவன்கூடயோ சுத்தித்தான் கணக்குல விழுந்தேன்னு நெனைக்காரு. பள்ளிக்கூடத்துல முழு மார்க்கு எடுத்தவ அங்கன போய் ஏன் விழணும்னு கேக்காரு. சொன்னா நம்ப மாட்டேங்காரு. இப்ப தங்கச்சிய எங்கயும் அனுப்ப மாட்டேன்னுட்டாரு."

தங்கை அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள். கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்று; இருநூறு மார்க் முறை அதற்குள் போய்விட்டது. இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்க இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

"நான் வந்து உங்க அப்பாகிட்ட சொல்லுதேன்" என்றேன்.

"என்னன்னு சொல்லுவீங்க சார்?"

"பிளஸ் ஒன் பாடத்த நான் நடத்தலன்னு சொல்லுதேன்."

"நெசமாவா சார்?" என்று கேட்டாள். ஆச்சரியப்பட்டாள் என்றுதான் நினைக்கிறேன். வேட்டியை மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலை பத்து மணிக்குப் போனேன். அவர்கள் தெருவில் நுழைந்தாலே தறிச் சத்தம்தான். வீட்டில் இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தன. அவள் அப்பா ஒன்றை நிறுத்திவிட்டு வந்தார். இன்னொன்றில், பாதியில் நிறுத்தினால் நூல் அறுந்துவிடும் என்று ஓடவிட்டிருந்தார். சின்ன மகள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். பெரியவள் கடைக்குப் போகாமல் உள்கதவை ஒட்டி நின்றாள்.

"வாங்க சார்! வாங்க! கூப்பிட்டு விட்டா நானே வந்திருப்பேனே, வெயில்ல எதுக்கு வந்தீய? ஏட்டி, சாருக்குக் கலர் வாங்கிட்டு வா" என்றார்.

கலர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தேன். தறி ஓடிய சத்தத்தில் நான் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நாற்பது வருஷம் வகுப்பில் கத்திய தொண்டைதான். ஆனால் அந்த வாக்கியத்தைக் கத்திச் சொல்வது சிரமமாக இருந்தது.

"ஒங்க மகமேல தப்பில்ல! நான்தான் பாடம் நடத்தல!"

அவர் காதைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார். "என்ன சார் சொல்லுதீய?"

"பிளஸ் ஒன் கணக்க நான் நடத்தல! பிளஸ் டூ பாடத்தயே ரெண்டு வருஷமும் நடத்துனேன்! அதான் காலேஜ்ல அவளால முடியல!"

அவர் எழுந்துபோய் இரண்டாவது தறியையும் நிறுத்தினார். பக்கத்து வீட்டுச் சத்தம் மட்டும் இருந்தது. வந்து என் எதிரே கீழே உட்கார்ந்தார்.

"சார், எனக்குப் படிப்பு தெரியாது. ஒன்னு கேக்கேன். எம் மக எடுத்த இருநூறு மார்க்கு பொய்யா?"

"பொய்யில்ல. அவ எழுதி எடுத்த மார்க்குதான்."

"கெவுர்மெண்டுதான குடுத்துச்சு?"

"ஆமா."

"அப்ப தெரியாமலா இருநூறு குடுப்பான்?"

இதற்கு எவ்வளவோ விளக்கலாம். தேர்வு எதைச் சோதிக்கிறது, எதைச் சோதிக்கவில்லை என்று ஆசிரியர்கள் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசலாம். மார்க்கைத்தான் நம்ப வேண்டும் என்று அந்த மனிதருக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான். பெற்றோர் கூட்டத்தில் நான் மேடையில் நின்று சொல்லியிருக்கிறேன்.

அவர் உள்ளே போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. சான்றிதழ்களை வைக்கும் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். மார்க் ஷீட்டை எடுப்பார் என்று நினைத்தேன். அவர் எடுத்தது ஒரு நோட்டு. அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, புதிது போலவே இருந்தது. ஆய்வுக்காக அவள் எழுதிய பிளஸ் ஒன் கணக்கு நோட்டு.

"இத நான் எடைக்குப் போட விடல சார். எம் மக கையெழுத்து முத்து முத்தா இருக்கும். நீங்க 'மிக நன்று'ன்னு போட்டிருக்கீய. வாறவங்க போறவங்ககிட்ட காட்டுவேன்."

ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கணக்குப் புரியாவிட்டாலும் தேதி தெரியும், கையெழுத்து தெரியும். விரலை வைத்துக் காட்டிக்கொண்டே போனார்.

"இந்தா, ஆனி மாசம் நடத்தியிருக்கீய. இந்தா ஆடி. இங்கன சிவப்புல திருத்தியிருக்கீய. இது ஒங்க கையெழுத்துதான சார்?"

"என் கையெழுத்துதான்."

"பொறவு நடத்தலங்கீய?"

"அது பொய்யாப் போட்ட கையெழுத்து. ஆய்வுக்கு வாறவங்களுக்குக் காட்டுறதுக்காக எழுத வச்சது. ஒரே நாள்ல போட்டது."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு திரும்பி மகளைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. ஏதோ ஒரு விஷயம் பிடிபட்ட மாதிரி இருந்தது.

"சார், நீங்க பெரிய மனுசன். கோயில்ல வந்து சத்தியம் பண்ணுங்கன்னு ஒங்ககிட்ட நான் கேக்க மாட்டேன். ஒன்னு மட்டும் சொல்லுங்க. இவ வந்து ஒங்களப் பாத்தாளா?"

நான் தயங்கினேன். கடையில் பார்த்தது உண்மை. அவள் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரியும் என்பதும் உண்மை. உண்மையைச் சொல்லுவதற்காகப் போனவன் அதில் மட்டும் எப்படிப் பொய் சொல்வது?

"கடையில பாத்தேன். அவ சொன்னா. ஆனா..."

"போதும் சார்" என்றார்.

மகளைப் பார்த்து, "ஏட்டி, வயசானவரக் கூட்டியாந்து பொய் சொல்ல வைக்கியே, ஒனக்கு நல்லாருக்கா?" என்றார். சத்தம் போடவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் உள்ளே போய்விட்டாள்.

எனக்கு இன்னொரு வாதம் மிச்சம் இருந்தது. அதையும் சொன்னேன். பெரியவள் படித்துப்போன பிறகு பிளஸ் ஒன்னுக்கும் அரசாங்கம் பொதுத்தேர்வு கொண்டுவந்துவிட்டது. அதனால் பள்ளிகள் வேறு வழியில்லாமல் இரண்டு புத்தகத்தையும் நடத்தின. சின்னவள் இரண்டையும் படித்தவள், இரண்டுக்கும் பொதுத்தேர்வு எழுதியவள். அவள் தொண்ணூற்றொன்று அவளுடைய சொந்தத் தொண்ணூற்றொன்று. கல்லூரிக் கணக்கு அவளுக்கு வரும். இதை நான் எழுதியே தருகிறேன் என்றேன்.

அவர் மிகவும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "இருநூத்துக்கு இருநூறு எடுத்தவளே அங்கன போயி விழுந்துட்டா. இவ இங்கனயே ஒம்பது மார்க்க விட்டுட்டு வந்திருக்கா. இவ எப்படிச் சார் தேறுவா?"

சின்னவள் அதற்குள் கலர் வாங்கி வந்து, எனக்கு முன்னால் வைத்துவிட்டு நின்றாள். அப்பா சொன்னது அவள் காதிலும் விழுந்தது. நான் அந்தக் கலரைக் குடித்தேன். குடிக்காமல் எழுந்தால் அவமரியாதையாக இருக்கும் என்று தோன்றியது. நான் வாசலைத் தாண்டுவதற்குள் இரண்டு தறியும் ஓட ஆரம்பித்துவிட்டன.

அன்று மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். இன்ன வருஷத்திலிருந்து இன்ன வருஷம் வரை பிளஸ் ஒன் கணக்குப் பாடத்தை நான் நடத்தவில்லை, பாடக்குறிப்பேட்டிலும் மாணவர் நோட்டுகளிலும் பொய்யாகக் கையெழுத்திட்டேன், இந்த மாணவி கல்லூரிக் கணக்கில் தோற்றதற்கு நானே காரணம் என்று ஒரு பக்கம். மூன்று பிரதி எடுத்தேன். ஒன்றைப் பழைய பள்ளிக்குக் கொண்டுபோனேன். இப்போதைய தலைமை ஆசிரியர் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"அண்ணாச்சி, இத யார்கிட்டக் குடுக்கப் போறீய? ஒங்க பென்சனுக்கு ஏதாவது ஆயிரப் போகுது. விடுங்க. இப்ப யாரும் அப்படிச் செய்யல."

"செஞ்சது செஞ்சதுதானே?"

"செஞ்சோம். நீங்க மட்டுமா? அப்படிப் படிச்ச பிள்ளைக எத்தன பேரு இன்னைக்கு அமெரிக்காவுல இருக்கான். அதையும் ஒரு பிரதி எழுதிக்கிடுங்க" என்று சிரித்தார். டீ வாங்கிக் கொடுத்தார்.

இன்னொரு பிரதியைக் கல்வி அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கு அட்டை வந்தது. வேறு எதுவும் வரவில்லை.

மூன்றாவது பிரதியை ஜவுளிக்கடைக்குக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். விண்ணப்பம் முடிய அன்றும் மறுநாளும்தான் இருந்தன. நின்றபடியே படித்தாள். கடைசி வரி வரை படித்துவிட்டு, கீழே என் கையெழுத்து இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"அதே கையெழுத்துதான் சார்" என்றாள். "அந்த நோட்டுல இருக்கதும் இதுதான். எங்கப்பா எத நம்புவாரு?"

பக்கத்தில் யாரும் வருகிறார்களா என்று பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"நீங்க வந்துட்டுப் போன அன்னைக்கு ராத்திரியிலருந்து அவரு எங்கிட்ட பேசல. முன்னாடி ஹாஸ்டல்ல சுத்துனவன்னு மட்டும்தான் நெனச்சாரு. இப்ப வாத்தியாரயே பொய் சொல்லக் கூட்டிட்டு வந்தவன்னு நெனைக்காரு. நீங்க இனிமே எங்க வீட்டுக்கு வராதீங்க சார். நல்லதுக்குத்தான் வந்தீங்க. வராதீங்க."

காகிதத்தை மடித்துக் கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். அப்பாவிடம் காட்டினாளா என்று எனக்குத் தெரியாது.

விண்ணப்பத் தேதி முடிந்தது. சின்னவள் அந்த வருஷம் எங்கும் சேரவில்லை. வீட்டில் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நான் அந்தத் தெரு வழியாகப் போவதை விட்டுவிட்டேன். காய்கறிக்குப் போக அது குறுக்கு வழி. இப்போது சுற்றிப் போகிறேன். கால் வலிக்கிறது. வேறொன்றும் தோன்றவில்லை. அழுகை வரும் என்று சில நாள் எதிர்பார்த்தேன். வரவில்லை.

அடுத்த வருஷம் சின்னவளை ஒரு கலைக்கல்லூரியில் சேர்த்துவிட்டார்கள். அதற்கு நான் காரணமில்லை. பெரியவளுக்கு வரன் பார்க்க வந்த தரகர், இப்போது மாப்பிள்ளை வீட்டில் டிகிரி கேட்கிறார்கள், இளையவளையாவது ஏதாவது ஒன்றை முடிக்க வையுங்கள் என்று சொன்னாராம். நான் எழுதிய மூன்று பிரதி செய்யாததைத் தரகரின் ஒரு வாக்கியம் செய்திருக்கிறது. பெரியவளின் பட்டம் அப்படியே நிற்கிறது. அவள் இன்னும் அதே கடையில்தான் இருக்கிறாள். நான் வேட்டியை வேறு கடையில் எடுக்கிறேன்.

இந்த வருஷம் பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுமை குறையும் என்கிறார்கள். குறையத்தான் செய்யும். செய்தியைப் படித்த அன்று பழைய பள்ளிக்குப் போன் போட்டு, பிளஸ் ஒன்னில் எந்தப் புத்தகம் நடக்கிறது என்று கேட்டேன். "பிளஸ் ஒன் புத்தகம்தான் அண்ணாச்சி. நீங்க எதுக்கு இன்னும் அதையே நெனச்சுக்கிட்டு?" என்றார் தலைமை ஆசிரியர். நான் நம்பினேன் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. நானும் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன்.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் சின்னவளைப் பார்த்தேன். கல்லூரிப் பையோடு புளியங்குடி பஸ்ஸுக்கு நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவளே பக்கத்தில் வந்து, "நல்லாருக்கீயளா சார்?" என்று கேட்டாள்.

"இருக்கேம்மா. என்ன படிக்க?"

"பி.ஏ. ஹிஸ்டரி சார். ரெண்டாவது வருஷம்."

"ஹிஸ்டரி புடிச்சிருக்கா?"

தோளை லேசாகக் குலுக்கினாள். "அப்பா காலேஜுக்கு நேராப் போயி, எதுல கணக்கே வராதுன்னு கேட்டிருக்காரு சார். அவங்க இதச் சொன்னாங்க. இதுல சேத்துட்டாரு."

"ஒனக்குக் கணக்கு நல்லா வருமே" என்றேன்.

"வரும் சார்" என்றாள்.

பஸ் வந்துவிட்டது. கூட்டத்தோடு ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைக்காமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.